ஐந்து நட்சத்திர வண்டி குடைசாயாதா?

கேள்வி: நாங்கள் வத்தலக்குண்டில் இருக்கிறோம். வீட்டில் நான், என் கணவர், 68 வயது மாமியார், 7 வயதுப் பெண், 2 வயதுப் பையன். முதல் கார் வாங்கப் போகிறோம். மாதத்தில் இரண்டு முறையாவது கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு திருச்செந்தூர். தாழ்வான செடான் ஒன்று, உயரமான எஸ்யூவி ஒன்று என்று இரண்டில் வந்து நிற்கிறோம். இரண்டுமே பாரத் என்-கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியவை. உயரமான வண்டிதான் பாதுகாப்பு, மேலே கேரியர் போட்டால் சாமானும் ஏற்றலாம் என்கிறார் என் கணவர். டெக்சாஸில் இருக்கும் என் தம்பியோ, "இங்கே வண்டி கவிழுமா என்பதற்குத் தனி நட்சத்திரம் உண்டு. என் எஸ்யூவிக்கு மொத்தத்தில் 5, அதில் மட்டும் 4. உங்க ஊர் ஸ்டிக்கரில் இருக்கான்னு பாருக்கா" என்கிறான். தேடிப் பார்த்தேன், காணோம். 5 நட்சத்திரம் என்றால் கவிழாது என்றுதானே அர்த்தம்? மலைப்பாதையை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்று: சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு நான் பெல்ட் போட்டுக்கொண்டால் போதாதா?

- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

வாகனப் பாதுகாப்புப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பி சொன்னது சரி. நீங்கள் தேடியும் கிடைக்காததற்குக் காரணம், பாரத் என்-கேப் சோதனையில் வண்டி கவிழுமா என்று பார்க்கும் பகுதியே கிடையாது. அந்த இரண்டு வண்டிகளும் வாங்கிய 5 நட்சத்திரம், மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில். எவ்வளவு சுலபமாகக் கவிழும் என்பது வேறு கேள்வி. அதை நம் ஊர்ச் சோதனையில் யாரும் கேட்கவில்லை. அதனால் இரண்டும் 5 என்பதை வைத்து, கவிழ்வதிலும் இரண்டும் சமம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்துக்கும் நீங்கள் போகும் சாலைகளுக்கும் நான் செடானைத்தான் எடுப்பேன். ஏன் என்று விவரமாகச் சொன்னால் வீட்டில் பேச உங்களுக்கும் வசதியாக இருக்கும். உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த 5 நட்சத்திரம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2014-இல் குளோபல் என்-கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து பிரபலமான சின்னக் கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூஜ்யம். 2018 டிசம்பரில்தான் டாடா நெக்ஸான் இந்தியக் கார்களில் முதல் 5 நட்சத்திரத்தை வாங்கியது. 2023 அக்டோபர் 1 முதல் நமக்கென்று பாரத் என்-கேப் நடைமுறைக்கு வந்தது. அந்த டிசம்பரிலேயே டாடா ஹாரியரும் சஃபாரியும் முதல் ஆளாக 5 வாங்கின. கம்பெனிகள் தாமாக முன்வந்து வண்டியைக் கொடுக்கும் ஏற்பாடுதான் இது, கட்டாயம் இல்லை. ஆனாலும் ஷோரூமில் மைலேஜ் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் இன்று நட்சத்திரத்தையும் கேட்கிறார்கள் என்றால் அதற்கு இந்தச் சோதனைகள்தான் காரணம்.

சோதனையில் என்ன செய்கிறார்கள்? வண்டியை 64 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோய், ஓட்டுநர் பக்கத்து முன்பாகம் மட்டும், அதாவது அகலத்தில் 40 சதவீதம் மட்டும், நசுங்கக்கூடிய அலுமினியத் தடுப்பில் மோத விடுகிறார்கள். எதிரே வரும் வண்டியோடு பாதி முகம் மோதுவது போன்ற விபத்து அது. அடுத்து, 950 கிலோ தள்ளுவண்டி ஒன்று 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பக்கவாட்டில் இடிக்கும். மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் வண்டி பக்கவாட்டாகப் போய் 29 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு இரும்புக் கம்பத்தில் மோதும் சோதனையும் உண்டு.

முன்சீட்டில் இருக்கும் ஆள் பொம்மைகளின் முகத்திலும் முழங்காலிலும் நிறம் நிறமாகச் சாயம் பூசியிருப்பார்கள். மோதி முடிந்ததும் டேஷ்போர்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தால், எந்த இடத்தில் எந்த நிறம் ஒட்டியிருக்கிறது என்பதிலிருந்தே முழங்கால் எங்கே இடித்தது என்று தெரிந்துவிடும். தலை ஏர்பேக்கின் நடுவில் பதிந்ததா, ஓரமாக நழுவியதா என்பதும் சாயத்திலேயே தெரியும். அப்புறம் கதவைக் கையால் இழுத்துப் பார்ப்பார்கள், திறக்கிறதா என்று. கால் வைக்கும் பலகை பிளந்திருக்கிறதா, முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பொம்மைக்குள் இருக்கும் சென்சார்கள் தலை, கழுத்து, நெஞ்சு, கால் என்று ஒவ்வொரு இடத்திலும் விழுந்த அடியைக் கணக்காகச் சொல்லும். ஐந்து நட்சத்திரத்துக்குப் பெரியவர்கள் பகுதியில் 32-க்கு 27-ம், குழந்தைகள் பகுதியில் 49-க்கு 41-ம் வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருப்பதால் இரண்டாவது எண்ணையும் மறக்காமல் பாருங்கள். 5 நட்சத்திர வண்டிகளுக்குள்ளேயே அதில் ஏற்ற இறக்கம் இருக்கும்.

இந்தச் சோதனை சொல்லாத சில விஷயங்களும் இருக்கின்றன. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாக ஏறும். 64-க்குப் பதில் 100-இல் மோதினால் வண்டி தாங்க வேண்டியது ஒன்றரை மடங்கு இல்லை, கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அடுத்தது, பின்சீட்டில் குழந்தைப் பொம்மைகளைத்தான் உட்கார வைக்கிறார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை, மூன்று வயதுக் குழந்தை. உங்கள் மாமியார் உட்காரும் இடத்தில் பெரியவர் பொம்மை எதுவும் இல்லை. அவருக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த 5-இல் பதில் இல்லை.

மூன்றாவது, உங்கள் கணவரின் பாதி உண்மை. முன்பக்க மோதல் மதிப்பெண்ணை ஏறத்தாழ ஒரே எடையுள்ள வண்டிகளுக்குள் மட்டும்தான் ஒப்பிட வேண்டும். 113 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒப்பிடாதீர்கள் என்று அமெரிக்க அரசே சொல்கிறது. கனமான வண்டியும் லேசான வண்டியும் நேருக்கு நேர் மோதினால் லேசானதில் இருப்பவருக்குத்தான் அடி அதிகம், இரண்டும் 5 நட்சத்திரமாகவே இருந்தாலும். அந்த வகையில் எஸ்யூவி கனமாக இருந்தால் அது ஒரு பலம்தான். ஆனால் அந்தப் பலம் எடையிலிருந்து வருகிறது, உயரத்திலிருந்து வரவில்லை. உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த விலையை அமெரிக்கர்கள் நிறைய உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் அங்கே எஸ்யூவி மோகம் பிடித்தது. அதில் முன்னணியில் இருந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். அதில் மாட்டியிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை வேகத்தில் போகும்போது உரிந்து வந்தது. டயர் உரிந்ததும் வண்டி இழுக்கும், ஓட்டுபவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார், வண்டி குறுக்காகச் சறுக்கி உருளும். 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். 271 சாவுகளை அந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்ததும் பெரிய சர்ச்சையானது. காற்று குறைந்தால் டயர் சூடேறும், சூடேறினால் பட்டை பிரியும். அந்த வருஷம் நவம்பரில் அதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. 2001 மாடல் வண்டிகளிலிருந்து கவிழ்வதற்குத் தனி நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள்.

அந்த நட்சத்திரத்தின் அடிப்படை ரொம்ப எளிமையான ஒரு கணக்கு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே உள்ள அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்து, அந்தப் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் புவியீர்ப்பு மையம். அகலத்தை இந்த உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வரும் எண்தான் நிலைத்தன்மை எண். அகலம் கூடினால் எண் கூடும், உயரம் கூடினால் குறையும். செடான்களுக்குப் பெரும்பாலும் 1.3-லிருந்து 1.5 வரை வரும். எஸ்யூவிகளுக்கு 1.0-லிருந்து 1.3 வரை. எண் பெரிதாக இருந்தால் கவிழ்ப்பது கஷ்டம்.

இது நிற்கும் வண்டியை அளந்து போட்ட கணக்கு. ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேள்வி வந்ததும் 2004 மாடல்களிலிருந்து ஒரு ஓட்டச் சோதனையையும் சேர்த்தார்கள். தூண்டில் முள் போல வளைந்த பாதையில் வண்டி போவதால் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பின்சீட்டில் ஆள் எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்கார வைப்பார்கள். ஸ்டியரிங்கை மனிதக் கை திருப்பாது, ஒரு இயந்திரம் திருப்பும், ஒவ்வொரு தடவையும் ஒரே வேகத்தில் ஒரே அளவு திருப்ப வேண்டும் என்பதற்காக. வண்டியின் இரு பக்கமும் நீளமான தாங்கு கைகளை மாட்டியிருப்பார்கள், நிஜமாகவே சாய்ந்துவிட்டால் தாங்கிப் பிடிக்க. 56 கிலோமீட்டரில் ஆரம்பித்து 80 வரைக்கும் படிப்படியாக ஏற்றுவார்கள். முதலில் ஒரு பக்கம் சட்டென்று திருப்பு, உடனே எதிர்ப்பக்கம் முழுவதுமாகத் திருப்பு. சாலையில் திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் பதறிப்போய் நாம் செய்வதும் இதுதானே! ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களும் ஒரே நேரத்தில் இரண்டு அங்குலம் தரையை விட்டு எழும்பினால் வண்டி தோற்றதாகக் கணக்கு.

உங்கள் தம்பியின் 4 நட்சத்திரத்துக்கு அர்த்தம் இது: அந்த வண்டி வேறு வண்டியோடு மோதாமல் தனியாக விபத்தில் சிக்கினால், அது கவிழ 10-லிருந்து 20 சதவீதம் வாய்ப்பு. 5 என்றால் 10 சதவீதமோ அதற்குக் கீழேயோ. 3 என்றால் 20-லிருந்து 30. கவனியுங்கள், விபத்து நடந்தால் என்ற நிபந்தனையோடு வரும் எண் இது. அவர் வண்டி எடுக்கும்போதெல்லாம் கவிழ வாய்ப்பு என்பது இல்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. முன்பக்க மோதல் மதிப்பெண்ணைப் போல எடை பார்க்க வேண்டியதில்லை, கவிழும் நட்சத்திரத்தைச் செடான், எஸ்யூவி, வேன் என்று எதோடு வேண்டுமானாலும் ஒப்பிடலாம். அங்கே பெரும்பாலான எஸ்யூவிகளுக்கு இதில் 4-தான் கிடைக்கும். எல்லாப் பிரிவிலும் 5 வாங்கிய முதல் எஸ்யூவி 2017-இல் டெஸ்லாவின் மாடல் எக்ஸ். கனமான பேட்டரி தரைத்தட்டிலேயே பரந்து கிடப்பதால் அதன் எடையெல்லாம் கீழே இருக்கிறது. நாளைக்கு நீங்கள் மின்சார வண்டிக்கு மாறினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கவிழ்வதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், அது அபூர்வமாக நடக்கும், நடந்தால் ஆளைக் கொல்லும். 2010-இல் அமெரிக்க விபத்துகளில் நூற்றுக்குச் சுமார் 2-தான் வண்டி கவிழ்ந்த விபத்துகள். ஆனால் கார்களுக்குள் இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அந்த இரண்டில் இறந்தவர்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். மலைப்பாதைதான் ஆபத்து என்று நினைக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் கவிழும் விஷயத்தில் அது அப்படி இல்லை. டம்டம் பாறையைத் தாண்டி மேலே போகும்போது வரும் இறுக்கமான வளைவு ஒன்றை 15 மீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 30-இல் திரும்பினாலும் பாதிக்குக் கீழேதான். நிலைத்தன்மை எண் 1.1 உள்ள எஸ்யூவியைத் தட்டையான தார்ச்சாலையில் சாய்க்க, ஏட்டுக் கணக்குப்படி, அதன் முழு எடையையும் விடக் கொஞ்சம் அதிகமான விசை வேண்டும். ஸ்பிரிங் அமுங்கி வண்டி ஒருபக்கம் சாய்வதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே போதும் என்றாலும், நாம் சொன்ன வேகங்களுக்கும் அதற்கும் நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. மலையில் வேறு ஆபத்துகள் உண்டு: பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போவது, மூடுபனி, ஓரச்சுவரைத் தாண்டிப் போவது. அவற்றுக்கு வண்டி உயரமா குட்டையா என்பது ஒரு பொருட்டே இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு வராதீர்கள்.

நான் பயப்படுவது உங்கள் திருச்செந்தூர்ப் பயணத்துக்கு. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் வண்டி எடையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்குதான். அதற்கு மேல் விசை வந்தால் வண்டி கவிழாது, வழுக்கும். அப்படியானால் வண்டிகள் எப்படிக் கவிழ்கின்றன? வழுக்கிக்கொண்டே போகும் சக்கரம் எதிலாவது தடுக்கினால்தான். சென்டர் மீடியனின் கல், தார் முடிந்து மண் தொடங்கும் பள்ளம், மழையில் ஊறிய ஓரம். சக்கரம் அங்கே சட்டென்று நின்றுவிடும், மேல்பாகம் போன வேகத்தில் போகப் பார்க்கும். அப்போது குட்டையான வண்டி பல நேரம் குலுங்கி நின்றுவிடும், உயரமான வண்டி குடைசாயும். அமெரிக்காவில் ஒற்றை வண்டி கவிழும் விபத்துகளில் நூற்றுக்கு 95 இப்படித் தடுக்கி நடப்பவைதான். இப்போது மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையை யோசித்துப் பாருங்கள். 95-இல் போகிறீர்கள், மீடியன் இடைவெளியில் ஒரு பைக் குறுக்கே வருகிறது, இல்லை ஒரு மாடு. வெட்டித் திருப்புகிறீர்கள், மறுபடி எதிர்ப்பக்கம் திருப்புகிறீர்கள், பின்சக்கரம் குறுக்காகிறது, பக்கத்தில் மண் ஓரம். தூண்டில் முள் சோதனையும் தடுக்கலும் ஒரே நேரத்தில் நடக்கும் இடம் அதுதான்.

அதனால் கேரியரை மறந்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஆட்களோடு 1,600 கிலோ எடை, சக்கர அகலம் 154 சென்டிமீட்டர், புவியீர்ப்பு மையம் 68 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு எஸ்யூவி. அதன் எண் 1.13. கூரைமேல், 185 சென்டிமீட்டர் உயரத்தில், 60 கிலோ சாமான் ஏற்றினால் மையம் 72-க்கு ஏறும், எண் 1.07-க்கு இறங்கும். மூன்று சூட்கேஸ்தான். அதே சாமானை டிக்கியில் வைத்தால் இந்த இறக்கம் அநேகமாக இருக்காது. செடானில் டிக்கி தனியாக, தாழ்வாக இருப்பது உங்களுக்கு இந்த வகையிலும் நல்லது.

வண்டி வழுக்கவே கூடாது என்பதற்காக இருப்பது இஎஸ்சி என்ற மின்னணு நிலைப்படுத்தும் அமைப்பு. ஸ்டியரிங் திரும்பிய பக்கம் வண்டி திரும்பவில்லை என்று தெரிந்ததும் அதுவே ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கும். அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களுக்கும் எஸ்யூவிகளுக்கும் கட்டாயம். உயிரைப் பறிக்கும் கவிழ்வு விபத்துகளைப் பாதிக்கும் மேல் குறைத்தது இதுதான். ஏர்பேக் எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் நான் இதைத்தான் கேட்பேன். நல்ல காரியம், பாரத் என்-கேப்பில் 3 நட்சத்திரத்துக்கும் அதற்கு மேலும் இஎஸ்சி இருந்தாக வேண்டும். நீங்கள் பார்க்கும் இரண்டிலும் இருக்கும். இருந்தாலும் நட்சத்திரச் சான்றிதழில் எந்தெந்த வேரியன்ட்டுக்குப் பொருந்தும் என்று போட்டிருப்பதைப் பார்த்து, உங்கள் வேரியன்ட் அதில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். சில வண்டிகளில் இதை அணைக்கும் பட்டன் இருக்கும். அதைத் தொட வேண்டிய தேவை உங்களுக்கு வராது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் வண்டி உருளும்போதும் விரியுமா என்று ஷோரூமில் கேளுங்கள். பக்கத்து இடிக்கு மட்டும் விரிவதும் உண்டு, உருளுவதை உணர்ந்து விரிந்து சில விநாடிகள் அப்படியே நிற்பதும் உண்டு.

டயர் காற்றைப் பற்றி எக்ஸ்ப்ளோரர் கதையே போதும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழு ஆளும் சாமானும் இருக்கும்போது எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். திருச்செந்தூருக்குக் கிளம்பும் காலையில், டயர் சூடாவதற்கு முன்னால், அந்த அளவுக்குப் பிடித்துக்கொண்டு போங்கள்.

அடுத்து பெல்ட். வண்டி உருளும்போது பெல்ட் போடாதவர் ஜன்னல் வழியாக வெளியே வீசப்படுகிறார், அல்லது உள்ளேயே மற்றவர்கள்மேல் போய் விழுகிறார். கூரை எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அவருக்குப் பயன் இல்லை. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்த விபத்து நினைவிருக்கும். அந்த பென்ஸ் மாடல் ஐரோப்பாவின் மோதல் சோதனையான யூரோ என்-கேப்பில் 5 நட்சத்திரம் வாங்கியது. முன்சீட்டில் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் நம் நாட்டில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 8,331 பேர் ஓட்டுநர்கள் இல்லை, கூட வந்தவர்கள். உங்கள் மாமியார் வயிற்றில் அழுத்துகிறது என்று சொல்வார். கீழ்ப்பட்டையை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் வரும்படி நீங்களே ஒருமுறை மாட்டிவிடுங்கள். அந்த இடத்தில் இருந்தால் அழுத்தாது, வேலையும் அங்கேதான் செய்யும்.

கடைசியாக, சின்னவன். மடியில் வைத்துக்கொள்வது போதாது. 12 கிலோ குழந்தை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பத்தில் ஒரு விநாடிக்குள் நின்றால், அந்த நேரத்துக்கு அவன் உங்கள் கையில் 170 கிலோ கனப்பான். யாராலும் பிடித்துக்கொள்ள முடியாது, எந்தத் தாயாலும். உங்கள் பெல்ட்டையே அவனையும் சேர்த்துச் சுற்றிப் போடுவது இன்னும் மோசம், உங்கள் உடம்பு அவனை பெல்ட்டோடு வைத்து நசுக்கும். ஐசோஃபிக்ஸ் என்று வண்டியின் சீட்டிலேயே பொருத்தியிருக்கும் கொக்கியில் மாட்டும் குழந்தை இருக்கை ஒன்று வாங்குங்கள், இந்த வயதுக்குப் பின்பக்கம் பார்த்து உட்காரும் வகையாக. அதைப் பின்சீட்டில்தான் மாட்ட வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அப்படி மாட்டவே கூடாது. பெரியவளுக்கு உயரத்தைத் தூக்கிக் கொடுக்கும் பூஸ்டர் இருக்கை வேண்டும், இல்லாவிட்டால் தோள்பட்டை பெல்ட் கழுத்தில் வரும். 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தச் சட்டத்தில் இருக்கிறது.

செடானுக்கு எதிராக ஒரே ஒரு விஷயம்தான் இருக்க முடியும், அது இடம். பின்சீட்டில் குழந்தை இருக்கை, பூஸ்டர், மாமியார் மூவரும் அகலவாட்டில் அமர வேண்டும், நடுவில் இருப்பவருக்கும் தோளைச் சுற்றி வரும் மூன்றுமுனை பெல்ட் வேண்டும். புக்கிங் பணம் கட்டுவதற்கு முன்னால் குழந்தை இருக்கையையும் பூஸ்டரையும் ஷோரூமுக்கே எடுத்துப் போங்கள், மாமியாரையும் கூட்டிக்கொண்டு. மூவரையும் உட்கார வைத்து, மூன்று பெல்ட்டும் மாட்டி, கதவைச் சாத்திப் பாருங்கள். சாத்த முடிந்தால் செடான். முடியாவிட்டால் எஸ்யூவியையே எடுங்கள், கேரியர் இல்லாமல், நான்குவழிச் சாலையில் 80-க்கு மேல் போகாமல்.